இரவல் நேரம்

ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்வோம். வயது அறுபத்தெட்டு. சர்க்கரை எட்டிப் பார்த்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு கொஞ்ச நேரம் நடங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இரவு ஒன்பது மணிக்குள் இரண்டு இட்லியோடு சாப்பாட்டை முடித்துக்கொண்டு, ஒன்பதே காலுக்கெல்லாம் உத்தர வீதியில் இறங்கிவிடுவார். மதிலோரமாக நான்கு வீதிகளும் ஒரு சுற்று. இடது கையில், சிங்கப்பூரிலிருந்து வந்த மகள் கட்டிவிட்டுப் போன ஃபிட்னஸ் பேண்ட்.

ஒரு நாள் வீதி திரும்பும்போது மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறார். 6,412 காலடிகள். கொஞ்ச தூரம் போய் மறுபடி பார்த்தால் 38. காலையிலிருந்து நடந்த நடையெல்லாம் எங்கே போயிற்று? மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். ஏறக்குறைய அதே இடத்தில், அதே நேரத்தில் எண்ணிக்கை துடைத்துவிட்டாற்போல் காணாமல் போகிறது. மகளைக் கூப்பிடுகிறார்.

“அம்மா, நீ குடுத்த வாட்ச் கெட்டுப்போச்சுன்னு நெனைக்கிறேன். நடக்க நடக்க எண்ணிக்கை அழிஞ்சு போகுது.”

“எத்தனை மணிக்குப்பா அழியுது?”

“ஒன்பதரைக்கு.”

“அப்ப அந்த பேண்ட்ல மணி என்ன காட்டுதுன்னு பாத்தீங்களா?”

“அதுல எப்பவும் மணி தப்பாத்தானே காட்டுது? நான் மணி பாக்குறது சுவர்க் கடிகாரத்துல.”

மகளுக்குப் புரிந்துவிட்டது. திருச்சியில் இரவு 9:30 ஆகும்போது சிங்கப்பூரில் நள்ளிரவு 12. அவள் அந்த பேண்டைத் தன்னுடைய போனோடு இணைத்து, தயார் செய்து, அப்பா கையில் கட்டிவிட்டு ஊர் திரும்பியிருந்தாள். அப்பாவின் போனில் அதற்கான ஆப்பே இல்லை. பேண்டைப் பொறுத்தவரை அது இன்னும் சிங்கப்பூரில்தான் இருக்கிறது. அங்கே நாள் முடிந்ததும் கணக்கை மூடிவிட்டுப் புது நாளைத் தொடங்குகிறது. பேண்டில் பழுது ஒன்றும் இல்லை. அதற்குச் சொல்லப்பட்ட நேரம்தான் வேறு ஊருடையது.

இதே குழப்பம் வேறு வேறு உருவத்தில் பல வீடுகளில் நடக்கிறது. ஒருவருக்கு அலாரம் விடியற்காலை மூன்றரைக்கு அதிர்கிறது. இன்னொருவருக்கு நேற்று இரவு தூங்கிய தூக்கம் பகல் தூக்கமாகப் பதிவாகிறது. சார்ஜ் தீர்ந்து பத்து நாள் மேஜை இழுப்பறையில் கிடந்த பேண்ட், எழுந்ததும் ஏதோ ஒரு பழைய வருடத்தைக் காட்டுகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: பேண்ட் காட்டும் நேரம் அதனுடைய சொந்த நேரமல்ல, போனிடமிருந்து வாங்கிய இரவல் நேரம். அது யாரிடமிருந்து எப்போது வாங்கப்பட்டது என்று தெரிந்துவிட்டால், சரிசெய்வது ஐந்து நிமிட வேலை.

திருகு இல்லாத கடிகாரம்

ஒரு தலைமுறைக்கு முன்பு கைக்கடிகாரத்துக்கு நேரம் வைப்பது கையால் செய்யும் வேலை. காலையில் சாவி கொடுக்க வேண்டும். பக்கவாட்டில் இருக்கும் திருகை நகத்தால் வெளியே இழுத்து, முள்ளை நகர்த்தி வைத்துக்கொண்டு, சரியான நொடிக்காகக் காத்திருந்து உள்ளே அழுத்த வேண்டும். அந்த நொடியைச் சொல்பவர் ஊருக்கு ஊர் வேறு. சில ஊர்களில் நகராட்சிச் சங்கு, சில ஊர்களில் மில் சங்கு, வானொலி இருந்த வீடுகளில் செய்திக்கு முன் வரும் பீப் ஒலி. ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி. தயாரிக்கத் தொடங்கிய கடிகாரங்கள் இப்படித்தான் வீடுகளில் ஓடின.

சாவி கொடுக்கும் வேலைக்கு முடிவு கட்டியது குவார்ட்ஸ். 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ நிறுவனம் ‘ஆஸ்ட்ரான்’ என்ற கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் விற்பனைக்கு வைத்தது. உலகில் கடைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அது. 1984-ல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஆலையிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்களை இந்தியாவெங்கும் பரப்பியது. சாவி போனாலும் திருகு போகவில்லை. நேரம் பிசகினால் இழுத்துத் திருப்பிவைக்கும் வழி அப்படியே இருந்தது.

ஃபிட்னஸ் பேண்ட் வந்தபோது அந்தத் திருகும் போய்விட்டது. இன்னும் சொல்லப்போனால், ஆரம்ப கால பேண்டுகள் சிலவற்றில் நேரம் காட்டும் திரையே கிடையாது. 2013-ல் வந்த ஃபிட்பிட் ஃபிளெக்ஸில் இருந்தது வரிசையாக ஐந்து ஒளிப்புள்ளிகள். 2014-ல் வந்த முதல் மி பேண்டில் மூன்று சின்ன விளக்குகள். அவற்றைக் கட்டியிருந்தவர் மணி பார்க்க வேறு எங்காவதுதான் பார்க்க வேண்டும். ஆனாலும் உள்ளுக்குள் அவற்றுக்கு மணி தெரியும். தெரியாவிட்டால் எந்த நிமிடத்தில் எத்தனை காலடி, எப்போது தூக்கம், எப்போது விழிப்பு என்று குறித்துவைக்க முடியாது. நேரம் என்பது இந்தக் கருவிகளில் பார்ப்பதற்காக வைத்த அலங்காரமல்ல, கணக்கு எழுதும் நோட்டின் தேதிப் பத்தி.

ஒரு வினாடிக்கு 32,768 துடிப்பு

பேண்டைப் பிரித்தால் உள்ளே அரிசிமணியைவிடச் சிறிய ஒரு உறை இருக்கும். அதற்குள் இசைக்கவை வடிவில் வெட்டிய குவார்ட்ஸ் படிகம். சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் பிறக்கிறது என்று 1880-ல் பியர் கியூரியும் அவருடைய அண்ணன் ஜாக்கும் கண்டறிந்தார்கள். மின்சாரம் கொடுத்தால் படிகம் அசையும் என்பது அதன் மறுபக்கம். இந்தக் குணத்தை வைத்து அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வாரன் மாரிசன் 1927-ல் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்.

பேண்டுக்குள் இருக்கும் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிரும்படி அறுக்கப்பட்டது. அது என்ன அப்படியொரு எண்? இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பதினைந்தாவது அடுக்கில் வரும் எண் அது. அதனால் சிப்புக்கு வேலை எளிது. வரும் துடிப்பைப் பாதியாக்கு, அதையும் பாதியாக்கு என்று பதினைந்து முறை செய்தால் மிஞ்சுவது வினாடிக்குச் சரியாக ஒரே ஒரு துடிப்பு. அதை எண்ணுவதுதான் கடிகாரம்.

படிகம் அச்சுப்பிசகாமல் அதிர்ந்தால் பிரச்சினையே இல்லை. ஆனால் சாதாரணமாக இந்தக் கருவிகளில் பொருத்தப்படும் படிகங்களில் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு வரை பிசகு இருக்கலாம். கேட்பதற்கு ஒன்றுமே இல்லை போலத் தோன்றும். ஒரு நாளில் இருக்கும் 86,400 வினாடிகளோடு பெருக்கிப் பார்த்தால் ஒன்றே முக்கால் வினாடி. மாதத்துக்கு ஐம்பது வினாடிக்கு மேல். ஆறு மாதம் அப்படியே விட்டால் ஐந்து நிமிடம்.

வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. இந்த வகைப் படிகம் 25 டிகிரி வாக்கில்தான் தன் இயல்பான வேகத்தில் இருக்கும். அதைவிடக் குளிர்ந்தாலும் சுணங்கும், சூடானாலும் சுணங்கும். கையில் கட்டியிருக்கும்போது உடம்புச் சூடு அதை ஓரளவு ஒரே நிலையில் வைத்திருக்கிறது. சித்திரை வெயிலில் நிறுத்திய காரின் டாஷ்போர்டில் கழற்றிவைத்தால் நாளுக்கு மூன்று நான்கு வினாடி என்று பின்தங்கத் தொடங்கும்.

இந்தப் பிசகை யாரும் கவனிப்பதில்லை. காரணம், ஒவ்வொரு முறை போனோடு ஒத்திசையும்போதும் பேண்ட் தன் நேரத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொள்கிறது. ‘சிங்க் ஆகிறது’ என்று ஆப்பில் சுழலும் அந்த வட்டத்தின் பின்னால் காலடிக் கணக்கு மட்டும் போகவில்லை. எதிர்த்திசையில் நேரமும் வருகிறது.

அப்படி வரும் செய்தி எப்படி இருக்கும் என்பதை ஒரு முறை கிட்டத்தில் பார்க்கலாம். கருவிகளுக்கிடையே நேரம் சொல்வதற்கென்று புளூடூத் அமைப்பு ஒரு பொது முறையை வகுத்திருக்கிறது. அதன்படி அனுப்பும் செய்தி மொத்தம் பத்து பைட். வருடத்துக்கு இரண்டு, மாதம், தேதி, மணி, நிமிடம், வினாடி, கிழமை ஆகியவற்றுக்கு ஒவ்வொன்று, வினாடியை 256 கூறாக்கிச் சொல்ல ஒன்று. கடைசி பைட், நேரம் ஏன் மாற்றப்பட்டது என்று காரணம் சொல்வதற்கு. ஆள் கையால் மாற்றியதா, வெளியிலிருந்து நம்பகமான நேரம் வந்ததா, நேர மண்டலம் மாறியதா, கோடைக்கால நேரம் தொடங்கியதா என்று அதில் குறிக்க இடமுண்டு. எல்லா நிறுவனங்களும் இந்த முறையையே கையாள்வதில்லை. தங்களுக்கென்று தனி வழி வைத்திருப்பவர்களும் உண்டு. ஆனால் எந்த வழியானாலும் சங்கதி ஒன்றே. போன் சொல்கிறது, பேண்ட் கேட்டுக்கொள்கிறது.

போனுக்கு யார் சொல்வது?

போனும் இரவல் வாங்குவதுதான். சிம் போட்ட போன், செல்போன் கோபுரத்தோடு பேசும்போதே நாள், நேரம், நேர மண்டலம் மூன்றையும் வாங்கிக்கொள்ளும். விமானம் இறங்கி ஃபிளைட் மோடை எடுத்ததும் போனில் மணி தானாக மாறுவது இதனால்தான். இன்டர்நெட் இருந்தால் நேர சர்வர்களைக் கேட்டும் தெரிந்துகொள்ளும். கேள்வி போய்ப் பதில் வரும் வழியில் ஆகும் தாமதத்தையும் கழித்துக் கணக்கிடும் அந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ். 1985-லிருந்து உலகம் முழுவதும் கணினிகள் அவர் வகுத்த வழியில் நேரத்தைச் சரிபார்த்து வருகின்றன. 2024 ஜனவரியில் அவர் காலமானார்.

சங்கிலியின் கடைசிக் கண்ணி அணுக் கடிகாரம். சீசியம் அணுவின் 9,192,631,770 அலைவுகள் சேர்ந்தால் ஒரு வினாடி என்று 1967-ல் உலகம் ஒப்புக்கொண்டது. இந்திய நேரத்தைப் பாதுகாத்துத் தரும் பொறுப்பு புதுடில்லியில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தினுடையது. அங்கே சீசியம் கடிகாரங்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

ஓட்டப் பந்தயக்காரர்கள் கட்டும் ஜிபிஎஸ் வாட்ச்சுகளுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. கார்மின் போன்ற நிறுவனங்களின் வாட்ச்சுகள் செயற்கைக்கோளிலிருந்தே நேரத்தை எடுத்துக்கொள்ளும். ஆனால் ஜிபிஎஸ் நேரம் நம் நாட்காட்டி நேரத்தைவிட 18 வினாடி முன்னால் ஓடுகிறது. பூமியின் சுழற்சிக்கு ஏற்ப அவ்வப்போது சேர்க்கப்படும் லீப் வினாடியை ஜிபிஎஸ் சேர்த்துக்கொள்வதில்லை. எத்தனை வினாடி கழிக்க வேண்டும் என்ற தகவலைச் செயற்கைக்கோள் பன்னிரண்டரை நிமிடத்துக்கு ஒரு முறை அனுப்பும். வெகுநாள் அணைந்து கிடந்த வாட்ச்சைத் திறந்தவெளியில் முடுக்கினால், முதல் சில நிமிடங்கள் நேரம் சில வினாடி பிசகிக் காட்ட இதுவும் ஒரு காரணம். பொறுத்திருந்தால் தானே சரியாகும்.

நள்ளிரவுக் கோடு

இடுப்பில் செருகிக்கொள்ளும் பழைய காலடி மானிகளுக்கு நேரமே தெரியாது. ஜப்பானில் 1965-ல் யமாசா நிறுவனம் விற்ற ‘மான்போ-கெய்’ அப்படிப்பட்டது. பெயருக்குப் ‘பத்தாயிரம் காலடி மானி’ என்று பொருள். தினம் பத்தாயிரம் காலடி என்று இன்று எல்லோரும் சொல்லும் கணக்கு பரவியது அந்தப் பெயரிலிருந்துதான். அந்த மாதிரிக் கருவிகளில் நாள் எப்போது தொடங்குகிறது என்பதைத் தீர்மானிப்பவர் கட்டியிருப்பவரே. இன்றைய பேண்டில் அந்த முடிவை நள்ளிரவு 12 மணி எடுக்கிறது. 12 எங்கே விழுகிறது என்பதில் பிசகினால் கணக்கு முழுவதும் இடம்மாறும்.

சென்னை ஓஎம்ஆர் சாலையில் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்ப்பவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் இரவுப் பணி பார்க்கும் செவிலியர்களுக்கும் இது நேரம் சரியாக இருக்கும்போதே நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு வார்டுக்குள் நுழைந்து காலை எட்டு மணிக்கு வெளியே வரும் செவிலியரின் ஒரே பணிநேரம் இரண்டு நாள் கணக்கில் பிரிந்து விழும். இவர்கள் ஒவ்வொரு நாளின் எண்ணை விட்டுவிட்டு வாரக் கணக்கைப் பார்ப்பதே பொருத்தம். பேண்டின் நேரத்தை மாற்றி இதைச் சரிக்கட்ட முயன்றால் தூக்கக் கணக்கு கெடும்.

தூக்கம், நாடித்துடிப்பு விஷயத்தில் நேரம் இன்னும் முக்கியம். ‘ராத்திரி நெஞ்சு படபடன்னு அடிச்சுது டாக்டர்’ என்று ஒருவர் சொல்லிக்கொண்டு போகும்போது, எத்தனை மணிக்கு என்ற கேள்வி வரும். மாத்திரை போட்டது எப்போது, படபடப்பு வந்தது எப்போது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டுமானால், பேண்டின் மணியும் வீட்டுக் கடிகாரத்தின் மணியும் ஒன்றாக இருந்தாக வேண்டும். மாத்திரையை நினைவூட்ட பேண்டில் அலாரம் வைத்திருப்பவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

நீதிமன்றம் வரை இந்த நிமிடங்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் எலிங்டன் என்ற ஊரில் 2015 டிசம்பர் 23 அன்று ஒரு பெண் தன் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். காலை ஒன்பது மணி வாக்கில் முகமூடி போட்ட ஒருவன் புகுந்து சுட்டுவிட்டான் என்றார் கணவர். அந்தப் பெண்ணின் ஃபிட்பிட் வேறு கதை சொன்னது. காலை 10:05 வரை அவர் நடமாடிக்கொண்டிருந்ததாக அதில் பதிவாகியிருந்தது. வழக்கில் முன்வைக்கப்பட்ட சான்றுகளில் அதுவும் ஒன்று. 2022 மே மாதம் கணவர் குற்றவாளி என்று தீர்ப்பானது. 65 ஆண்டு சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மண்டலம் மாறும்போது

நேரத்தைத் திருப்பிவைப்பது நம் ஊருக்குப் புதிதல்ல. 1792-ல் கட்டப்பட்ட சென்னை வானாய்வகம் கணித்துக் கொடுத்த ‘மெட்ராஸ் நேரம்’ பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்வேயின் நேரமாக இருந்தது. 1906 ஜனவரி 1 முதல் இந்தியாவுக்கு ஒரே நேரம் என்று வந்தபோது, அது மெட்ராஸ் நேரத்தைவிட ஏறக்குறைய ஒன்பது நிமிடம் முன்னால் இருந்தது. கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் என்ற அந்தக் கணக்கைத்தான் இன்று போனில் ‘கொல்கத்தா, ஜிஎம்டி+5:30’ என்று பார்க்கிறோம். சென்னைக்காரர் போனில் கொல்கத்தா என்று இருப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். உலக நேர மண்டலப் பட்டியலில் இந்தியா முழுமைக்கும் அதுதான் பெயர்.

இலங்கையர் இதை இன்னும் கிட்டத்தில் அனுபவித்தவர்கள். மின்சாரத்தைச் சேமிக்க 1996 மே மாதம் அங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். அக்டோபரில் அரை மணி பின்னால் இழுத்தார்கள். 2006 ஏப்ரலில் இன்னொரு அரை மணி பின்னால் வந்து பழைய ஐந்தரைக்கே திரும்பியது. இடைப்பட்ட ஆண்டுகளில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரமே ஓடியது. ஒரே தீவில், சோதனைச்சாவடியைக் கடந்தால் மணி மாறும். கொழும்பு என்று ஒரு மண்டலம் பட்டியலில் தனியாக நிற்பதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

வெளிநாட்டில் உறவுகள் இருக்கும் குடும்பங்களுக்கு இந்த வித்தியாசங்கள் மனப்பாடம். சிங்கப்பூரும் கோலாலம்பூரும் நம்மைவிட இரண்டரை மணி முன்னால். 1982 ஜனவரி 1-க்கு முன்பு அது சரியாக இரண்டு மணியாக இருந்தது. இரு நாடுகளும் அன்று அரை மணி முன்னே நகர்ந்தன. துபாய் ஒன்றரை மணி பின்னால். லண்டன் கோடையில் நாலரை, குளிர்காலத்தில் ஐந்தரை. டொராண்டோ கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை.

கிழக்கே பறப்பவருக்கு நாள் சுருங்கும். மேற்கே பறப்பவருக்கு நீளும். இரவு பத்து மணிக்குச் சென்னையில் விமானம் ஏறுபவருக்குச் சிங்கப்பூரில் ஏற்கெனவே மறுநாள் 12:30 ஆகியிருக்கும். மீனம்பாக்கத்தில் நடந்த கடைசி நடை எந்த நாள் கணக்கில் சேரும் என்பது, பேண்ட் எப்போது போனோடு பேசியது என்பதைப் பொறுத்தது. ஆகவே புறப்படுவதற்கு முன் ஒரு முறை ஆப்பைத் திறந்து ஒத்திசைத்துவிட வேண்டும். அதுவரை நடந்தது பத்திரமாகச் சேர்ந்துவிடும். இறங்கிய பிறகு போனில் மணி மாறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு இன்னொரு முறை. வரிசை முக்கியம். போன் மாறுவதற்கு முன்பே ஒத்திசைத்தால் பழைய ஊர் நேரத்தையே பேண்ட் மறுபடி வாங்கிக்கொள்ளும்.

ஐரோப்பாவில் மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறும், அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் கடிகாரத்தை மாற்றும் நாட்கள். அங்கே இருப்பவர்கள் அன்று காலை எழுந்ததும் ஆப்பைத் திறந்தால் போதும். முந்தைய இரவின் தூக்கம் ஒரு மணி கூடியோ குறைந்தோ தெரிந்தால் அந்த ஒரு நாளோடு போய்விடும்.

சரிசெய்யும் வரிசை

நேரம் தப்பாக இருந்தால் பேண்டைத் தட்டுவதற்கு முன் போனைப் பார்க்க வேண்டும். செட்டிங்ஸில் தேதி, நேரம் பகுதிக்குப் போய், நேரத்தையும் மண்டலத்தையும் தானாக எடுத்துக்கொள்ளும்படி இரண்டையும் முடுக்கிவிட வேண்டும். இரண்டும் தனித்தனி. நேரம் தானாகவும் மண்டலம் கையாலும் வைக்கப்பட்டிருந்தால் நிமிடம் சரியாக இருக்கும், மணி தவறும்.

இரண்டாவது, ஆப்புக்குள் மண்டலம் தனியாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பது. ஃபிட்பிட் ஆப்பில் அப்படி ஒரு தேர்வு உண்டு. போன் சரியாக இருந்தும் பேண்ட் தவறினால் சந்தேகம் இங்கேதான் விழ வேண்டும். தானியங்கித் தேர்வை நிறுத்தி, நம் மண்டலத்தைத் தேர்ந்தெடுத்து, ஒத்திசைத்துவிட்டு, மறுபடி தானியங்கிக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

மூன்றாவது, ஒத்திசைவே நடக்கிறதா? ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பேட்டரியை மிச்சப்படுத்த, பின்னணியில் இருக்கும் ஆப்புகளை போன் தூங்கவைத்துவிடும். பேண்ட் ஆப்புக்கு மட்டும் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட வேண்டும். புளூடூத் திறந்திருக்க வேண்டும்; ஆப் கேட்கும் அனுமதிகள் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். முகப்புத் திரையை விரலால் கீழே இழுத்துவிட்டால் பல ஆப்புகளில் ஒத்திசைவு அப்போதே தொடங்கும்.

நான்காவது, வேறு யாராவது நேரம் சொல்கிறார்களா? பழைய போன் அல்லது குழந்தைகளின் டேப் வீட்டின் மூலையில் இன்னும் அதே கணக்கோடு இணைந்திருக்கலாம். அதன் தேதி பிசகியிருந்தால், அது பக்கத்தில் வரும்போதெல்லாம் பேண்டும் பிசகும். அந்தப் பழைய இணைப்பை எடுத்துவிட வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பிறகுதான் பேண்டை அணைத்து ஏற்றுவது. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக்கும் ‘ஃபேக்டரி ரீசெட்’ கடைசி வழி. ஃபிட்பிட்டின் பல பேண்டுகள் நிமிட வாரியான கணக்கை ஏழு நாள் வரை தங்களுக்குள் வைத்திருக்கும். ஒத்திசைக்காமல் அழித்தால் அந்த நாட்கள் போனதுதான்.

ஆப் இல்லாத மலிவு விலை பேண்டுகளிலும் பழைய வகைக் காலடி மானிகளிலும் நேரம் வைப்பது டிஜிட்டல் வாட்ச்சில் வைப்பதைப் போலத்தான். பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடித்தால் மணி இலக்கம் மினுக்கத் தொடங்கும். தட்டித் தட்டி ஏற்றிவிட்டு மறுபடி அழுத்தினால் நிமிடத்துக்குப் போகும். காலை மாலை கலங்காமல் இருக்க 24 மணி முறையில் வைத்துக்கொள்வது நல்லது.

சிலருக்குக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் கூட்டி வைத்துக்கொள்ளும் பழக்கம் உண்டு. ஆப்பிள் வாட்ச்சில் அதற்கென்றே வழி இருக்கிறது. முகப்பில் தெரியும் நேரத்தை 59 நிமிடம் வரை கூட்டலாம், அலாரமும் பதிவுகளும் உண்மையான நேரத்திலேயே இருக்கும். அந்த வசதி இல்லாத பேண்டுக்காகப் போனின் நேரத்தையே கையால் மாற்றுவது தொல்லையில் முடியும். 30 வினாடிக்கு ஒரு முறை மாறும் பாதுகாப்பு எண் ஆப்புகள் நேரத்தை வைத்துத்தான் எண்ணைக் கணக்கிடுகின்றன. நிமிடங்கள் பிசகினால் எண் செல்லாது. போன் தேதி தவறு என்று வாட்ஸ்அப்பும் நின்றுவிடும்.

1970-ல் விழித்த கடிகாரம்

பேட்டரி முழுவதும் தீர்ந்தால் படிகத்தின் துடிப்பும் நின்றுவிடும். மறுபடி சார்ஜ் ஏறும்போது இடையில் எவ்வளவு காலம் போயிற்று என்று பேண்டுக்குத் தெரியாது. தன் தொடக்கப் புள்ளியிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். கணினி உலகில் பெரும்பாலும் அந்தப் புள்ளி 1970 ஜனவரி 1, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவு. இந்திய நேரத்தில் அது விடியற்காலை 5:30. சில கருவிகள் 2000-த்தைத் தொடக்கமாகக் கொள்ளும். பேண்டில் அப்படி ஏதாவது ஒரு ஜனவரி 1 தெரிந்தால், உடனே போனோடு சேர்த்துவிட வேண்டும். நேரம் வாங்குவதற்கு முன் நடக்கும் காலடிகள் எந்த நாளிலும் சேராமல் போகக்கூடும். பேட்டரி பத்து சதவீதத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்பவர்களுக்கு இந்தச் சிக்கலே வருவதில்லை.

ஸ்ரீரங்கத்துப் பெரியவரின் பேண்டுக்கு வருவோம். அவருடைய போனில் ஆப்பை ஏற்றி பேண்டைத் தேடினால், அது ஏற்கெனவே வேறொருவருடையது என்று செய்தி வரும். பல நிறுவனங்களின் பேண்டுகள் முதலில் இணைத்த கணக்கைவிட்டு எளிதில் இறங்காது. திருட்டுப்போனால் மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. மகள் சிங்கப்பூரில் தன் ஆப்பைத் திறந்து, அந்த பேண்டைத் தன் பட்டியலிலிருந்து நீக்க வேண்டும். நீக்கியதும் இங்கே பேரன் தாத்தாவின் போனை வாங்கி மறுபடி தேடுகிறான். இப்போது பெயர் வருகிறது. தொடுகிறான். பேண்ட் ஒரு முறை அதிர்கிறது. பேண்டில் காலை 9:40 என்றிருந்தது கண்ணெதிரே 7:10 ஆகிறது. சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கிறார் தாத்தா. அதிலும் 7:10.

அன்று இரவு வழக்கம்போல் ஒன்பதே காலுக்கு இறங்குகிறார். வீதி திரும்பும் இடத்தில் மணிக்கட்டைப் பார்க்கிறார். மணி 9:31. எண்ணிக்கை 6,500-ஐத் தாண்டி ஏறிக்கொண்டிருக்கிறது. கையைக் கீழே விட்டுவிட்டு, மீதி வீதியையும் நடக்கிறார்.